ஹாஸ்ட் கணவாயில் வாடகை மோட்டார்ஹோம்: ஒரு நாள் அனுபவம்

நியூசிலாந்தின் தென்தீவில் நால்வர் படுக்கக்கூடிய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, குயின்ஸ்டவுனிலிருந்து ஹாஸ்ட் கணவாய் வழியாக ஃபாக்ஸ் பனியாறு வரை ஒரே பகலில் ஓட்டினோம். தூரம் ஏறத்தாழ 380 கிலோமீட்டர்தான் என்றாலும், காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவர்கள் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. 1,076 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கிரௌன் ரேஞ்ச் சாலையைத் தவிர்த்து, க்ரோம்வெல் வழியே சுற்றிச் சென்றது நல்ல முடிவு.

எஞ்சினில் குறையொன்றுமில்லை. கணவாயைத் தாண்டிய செங்குத்தான இறக்கத்தில், பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல் கியரைக் குறைத்தே வண்டியைக் கட்டுக்குள் வைக்க முடிந்தது. ஒற்றைத் தடப் பாலங்களில், அறிவிப்புப் பலகையில் சிறிய சிவப்பு அம்பு நம் பக்கம் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதை, சாவியைக் கொடுக்கும்போதே வரைந்து காட்டிய பணியாளருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறை உள்ளேதான் இருந்தது. சமையல் மேடைக்கு மேலிருந்த அலமாரியின் கொக்கி தளர்ந்திருந்ததால், வளைவுக்கு வளைவு கதவு திறந்து, இரண்டு தட்டுகள் உடைந்து, ஒரு டப்பா சர்க்கரை தரையெங்கும் கொட்டியது. கடைசியில் என் மனைவியின் துப்பட்டாவால் கட்டி வைத்தோம். தட்டுகளுக்குப் பணம் பிடிக்கவில்லை, ஆனால் டீசல் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் விதிக்கப்படும் சாலைக் கட்டணத்தை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். முன்பதிவின்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொக்கிகளையும் இழுத்துப் பாருங்கள்.