ஆண்கள் கொயரில் சேர நினைப்பவர்களுக்கு: தக்கலைப் பக்கத்துக் குழு ஒன்று எப்படி இருக்கிறது?

ஆண்கள் மட்டுமே பாடும் கொயர் (பாடகர் குழு) நல்லதா என்று பார்க்க, நடுவில் நிற்கும் இரண்டு பார்ட்டைக் கேட்டால் போதும். பார்ட் என்பது ஒரே பாட்டில் சேர்ந்து ஒலிக்கும் தனித்தனி வரி; ஆண்கள் கொயரில் மேலிருந்து கீழாக முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ் என்று நான்கு. மெட்டைப் பாடும் முதல் டெனரும் அடியில் நிற்கும் பேஸும் எந்தக் குழுவிலும் ஓரளவு தேறிவிடும். இரண்டாம் டெனரும் பாரிடோனும் தங்கள் வரியைத் தெரிந்து பாடுகிறார்களா, பக்கத்து ஆளின் வரியில் போய் ஒட்டிக்கொள்கிறார்களா என்பதில்தான் வண்டவாளம் தெரியும். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, ஒரு சபை ஹாலில் கூடும் இந்தக் குழு அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறுகிறது.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பிராக்டிஸ், மாலை 7 முதல் 8.45 வரை. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருப்பதால் முடிக்கும் நேரத்தில் கறாராக இருக்கிறார்கள். முதல் டெனர் 5, இரண்டாம் டெனர் 5, பாரிடோன் 5, பேஸ் 7 என்று மொத்தம் 22 பேர். மாதச் சந்தா 100 ரூபாய். ஜெராக்ஸுக்கும் கட்டன் சாயாவுக்கும் அது சரியாகப் போகும். எந்தச் சபைக்காரரும் சேரலாம்.

ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்ததற்குப் பின் வளர்ந்த சபைகள் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளம். நான்கு பார்ட் பாட்டு இங்கே பலருக்குச் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிடுகிறது. ஆனால் அது பெண்களும் சேர்ந்து பாடும் நான்கு பார்ட். அதே தாளை ஆண்களிடம் கொடுத்தால் பாட்டு கெட்டுப்போகும். பெண்களுக்கான சோப்ரானோ (மெட்டு), ஆல்டோ வரிகளை ஆண்கள் பாடும்போது அவை தானாக ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். டெனரும் பேஸும் இருந்த இடத்திலேயே நிற்கும். மெட்டு டெனருக்கு அடியில் புதைந்துபோகும், சில இடங்களில் பேஸ்கூட மெட்டுக்கு மேலே ஏறிவிடும். அடிச்சுரம் மாறினால் கார்டே (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டு) மாறிவிடும். 'ஆண்கள் ஞாயிறு' அன்று பல இடங்களில் பாட்டு கலங்கலாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான், பாடுகிறவர்களின் குரல் அல்ல.

இங்கே கொயர் மாஸ்டர் ஒவ்வொரு பாட்டையும் ஆண் குரலுக்காகத் திருப்பி எழுதுகிறார். மெட்டின் உச்ச சுரம் கீபோர்டின் நடு 'சி'-க்கு மேலே உள்ள 'எஃப்' அல்லது 'ஜி'-யில் நிற்கும்படி ஸ்ருதியை ஏற்றிவிடுகிறார். அப்போதுதான் மற்ற மூன்று வரிகளுக்கும் கீழே இடம் கிடைக்கும். பேஸ் மிகவும் கீழே இறங்கும் இடங்களில் பாரிடோனை ச–ப அளவுக்காவது விலக்கி வைக்கிறார். கீழ் ஸ்தாயியில் இரண்டு ஆண் குரல்கள் நெருங்கினால் சுரம் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் குழுவைச் சொல்லலாம்.

சேரும்போது குரல் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலை. கீபோர்டில் ஒரு சுரம் கொடுத்து ஐந்து சுரம் ஏறி இறங்கச் சொல்வார்கள். அரை சுரம் அரை சுரமாக ஸ்ருதியை மாற்றிக்கொண்டே போவார்கள். எவ்வளவு உயரம் போகிறது என்பதைவிட, குரல் எந்த இடத்தில் தடுக்கி நிறம் மாறுகிறது என்பதைத்தான் கவனிக்கிறார்கள். நடு 'சி'-யைத் தாண்டியதுமே பாரம் தெரிந்தால் பாரிடோன் அல்லது பேஸ். அதற்கும் மேலே நாலைந்து சுரம் லேசாகப் போனால் டெனர். பேச்சுக்குரல் கனமாக இருக்கிறவரையெல்லாம் பேஸில் தள்ளும் வழக்கம் இங்கே இல்லை. நடு 'சி'-க்கு ஒன்றரை ஸ்தாயி கீழே உள்ள 'எஃப்' தெளிவாக ஒலித்தால்தான் பேஸ். 13, 14 வயதில் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களை உட்கார்ந்து கேட்க விடுகிறார்கள், உரக்கப் பாட விடுவதில்லை. சரியான முடிவு.

தாளில் இருப்பது டானிக் சோல்ஃபா, அதாவது டோ, ரே, மீ சுரங்களை ஆங்கில முதலெழுத்தால் எழுதுவது. இங்கிலாந்தில் ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை இது. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்களின் ஆண்கள் கொயர்கள் அவ்வளவு பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து கோட்டு நோட்டேஷன் படிக்கத் தெரியாதவரும் இதில் பார்ட் பாடிவிடலாம். புள்ளி ரெண்டு (:) வந்தால் அடுத்த தட்டு, கோடு (—) வந்தால் நீட்டல், ஒற்றைப் புள்ளி வந்தால் அரைத் தட்டு. மூன்று வாரத்தில் பிடிபடும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள்தான் முதலில் திணறுவார்கள். ஆங்கில 'எம்' எழுத்தைப் பார்த்ததும் வாய் மத்யமத்துக்குப் போகும். சோல்ஃபாவில் அது 'மீ', அதாவது காந்தாரம். 'எஸ்' ஷட்ஜம் அல்ல, பஞ்சமம். 'டி' (d) தைவதம் அல்ல, 'டோ', அதாவது ஷட்ஜம். 'ஆர்' மட்டும்தான் ரிஷபமாகவே இருக்கும். இந்தக் குழப்பம் தெரிந்து, சங்கீதம் படித்து வருகிறவர்களுக்கு முதல் மாதம் எழுத்துக்கு மேலே தமிழில் சுரம் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். இரண்டாம் மாதம் அழிக்கச் சொல்கிறார்கள். அழிக்காவிட்டால் கண் எப்போதும் மேலேதான் போகும்.

பிராக்டிஸில் முதலில் முதல் டெனரும் பேஸும் சேர்ந்து பாடும். பிறகு பேஸோடு பாரிடோன், கடைசியில் இரண்டாம் டெனர். ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்யவைத்துக் கடைசியில் சேர்க்கும் முறையைவிட இது பல மடங்கு மேல். தனியே படித்த வரி, பக்கத்தில் வேறு சுரம் கேட்டதும் கலைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடியோவிலும் இதே கவனம் தெரிகிறது: உங்கள் பார்ட் உரக்கவும் மற்ற மூன்றும் மெதுவாகவும் கேட்கும்.

ஸ்ருதி இறங்குவதுதான் எந்த ஆண்கள் கொயருக்கும் தீராத வியாதி. பாரிடோன் வரியில் சாதாரணமாக வரும் ஒரு துண்டைப் பாருங்கள்:

சோ : சோ | சோ : — | லா : சோ

பார்க்க ஒன்றுமில்லாத வரி. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மூச்சு தளர்ந்து, ஒவ்வொரு 'சோ'-வும் முந்தியதைவிட ஒரு மயிரிழை கீழே விழும். 'லா'-வுக்கு ஏறும் படி குட்டையாகவும் திரும்ப இறங்கும் படி நீளமாகவும் ஆகிவிடும். நான்கு சரணம் முடிவதற்குள் குழு முழுவதும் அரை சுரம் இறங்கியிருக்கும், கூடவே இறங்குவதால் யாருக்கும் தெரியாது. கடைசிச் சரணத்துக்குக் கீபோர்டு சேரும்போதுதான் குட்டு வெளிப்படும். இங்கே இரண்டு மருந்து கொடுக்கிறார்கள். ஒரே சுரம் திரும்ப வரும் இடங்களில் பென்சிலால் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் 'ஏ' சுரம் கொடுக்கும் 440 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிச் சரிபார்ப்பது. நீளமான சுரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவதில்லை; இன்னார் இந்தத் தட்டில் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். "மக்களே, நீ மூச்சு விடுறது ஆருக்கும் கேக்கப்படாது" என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் வாசகம்.

தமிழ் உச்சரிப்பிலும் அக்கறை உண்டு. 'ஸ்தோத்திரம்' என்று நீட்டி முடிக்கும் இடத்தில் நாலு பேர் முன்னதாகவே வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகினால் கார்ட் செத்துப்போகும். 'ர'-விலேயே வாயைத் திறந்து நின்று, மாஸ்டரின் கை மூடும் தட்டில் மட்டும் 'ம்' என்பது கண்டிப்பு. ல, ழ, ள மூன்றும் தனித்தனியே கேட்கின்றன. மாவட்டத்தில் எல்லாக் குழுவைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிட முடியாது.

கீர்த்தனைகளைக் கையாளும் விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை ராகத்தில் நடப்பது, கார்டில் அல்ல. சங்கராபரணத்தில் இருந்தால் நான்கு பார்ட் ஓரளவு ஒத்துவரும். மாயாமாளவகௌளை என்றால் வராது. பஞ்சமத்தின் மேல் கார்ட் கட்ட ப–நி–ரி வேண்டும். அங்கே இருப்பது தாழ்ந்த சுத்த ரிஷபம் என்பதால் அந்தக் கார்ட் முடமாகிவிடும். ரிஷபத்தை ஏற்றிச் சரிசெய்தால் ராகம் போய்விடும். இந்தக் குழு அப்படிப்பட்ட கீர்த்தனைகளை நான்கு பார்ட்டாக்குவதில்லை: பேஸ் ச–ப பிடித்து நிற்க, மற்ற மூன்று பார்ட்டும் ஒரே குரலாகப் பாடுகின்றன. 15 ஆண்கள் ஒரே சுரத்தில் பாடுவதைக் கேட்டால் மேனி சிலிர்க்கும்.

குறைகளும் உண்டு. கீபோர்டு சத்தம் அதிகம். ஸ்பீக்கரை பேஸ் வரிசைக்குப் பின்னால் வைத்திருப்பதால் அவர்கள் தங்கள் குரலைக் கேட்காமல் கத்துகிறார்கள். முன்பக்க ஓரத்துக்கு நகர்த்தினால் தீரும். ஜெராக்ஸில் பல தாள்களில் கடைசி வரி, அதாவது பேஸ், பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. ஹாலுக்குத் தகரக் கூரை. கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பழகும் அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அந்த நேரம் பாதிப் பிராக்டிஸ் வெறும் தாளம் தட்டுவதிலேயே போய்விடுகிறது. முதல் டெனரில் ஒருவர் வளைகுடாவுக்குப் போனாலும் மேல்வரி மெலிந்துவிடும், மாற்று ஆள் இல்லை. லேசான மேல்குரல் உள்ளவர்களை அவர்கள் கையெடுத்துக் கூப்பிடுவது அதனால்தான்.

சேர நல்ல காலம் ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபருக்குப் பிறகு புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. பென்சில், ரப்பர், 40 பக்க ஃபைல், ஒரு பாட்டில் வெந்நீர் கொண்டுபோங்கள், மைப்பேனா வேண்டாம். போகும் வழியில் நேந்திரம் சிப்ஸ் கொறிக்காதீர்கள், எண்ணெயும் தூளும் தொண்டையில் ஒட்டி ஒரு மணி நேரம் செருமவைக்கும். முதல் நாள் இரண்டாம் டெனர்காரர்களுக்கும் பாரிடோன்காரர்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள். நான்கு வரியும் ஒரே அளவில் கேட்கும் இடம் அந்த ஹாலில் அது ஒன்றுதான்.