'300 டிபிஐ ஆக்கித் தருகிறோம்' என்றால் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

அச்சு வேலைக்குப் படம் கொடுப்பவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறும் இடம் இது. கையில் இருப்பது 1600 × 1131 பிக்சல் படம். அடிக்க வேண்டியது ஏ3 போஸ்டர். "ரெசல்யூஷன் 72தான் இருக்கு, 300 ஆக்கணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்கிறார்கள் அச்சகத்தில். பணம் கட்டியபின் வரும் ஃபைலைத் திறந்தால் 300 என்றே காட்டுகிறது. அச்சாகி வந்தால் முகம் கலங்கி, எழுத்தோரம் பிசிறடித்து இருக்கிறது. கேட்டால், "நீங்க கொடுத்த ஒரிஜினலே அப்படித்தான்" என்று பதில். அது தெரிந்தேதானே காசு வாங்கினார்கள்?

டிபிஐ அல்லது பிபிஐ என்று சொல்லும் இந்த 72, 300 என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சலை அடுக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்து, 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கிப் பாருங்கள். பிக்சல் எண்ணிக்கை அப்படியே இருக்கும். அச்சு அளவுதான் சுருங்கும். 1600 பிக்சல், 300-இல் 13.5 செ.மீ. நீளத்துக்குத்தான் வரும். டிக்கை வைத்துக்கொண்டு மாற்றினால் பிக்சல் கூடும். ஆனால் கூடியவை, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை. ஏஐ கொண்டு பெரிதாக்கினால் பார்க்கக் கூர்மையாக இருக்கும். இமை முடி, துணி நெசவு, பொடி எழுத்து எல்லாம் அதுவாக வரைந்தவை. பின்னணிக்குப் பரவாயில்லை. முகத்துக்கும் லேபிள் எழுத்துக்கும் ஆபத்து.

இதைவிட மோசம், நல்ல படத்துக்கும் காசு பிடுங்குவது. கேமராவிலிருந்து வரும் 6000 × 4000 பிக்சல் ஃபைலிலும் 72 என்று எழுதியிருக்கலாம். 300-இல் அது ஏறக்குறைய 51 × 34 செ.மீ. வரும், ஏ3-க்குத் தாராளம். அதில் 'ஆக்கித் தர' எதுவுமே இல்லை.

கணக்கை நீங்களே போடுங்கள்: மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்க வேண்டும். ஏ4-க்கு 2480 × 3508. ஏ3-க்கு 3508 × 4961. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (ஓரத்தில் வெட்டி எறிவதற்காக விடும் கூடுதல் பகுதி) சேர்த்தால் ஏறக்குறைய 3579 × 5032. அந்த 1600 பிக்சலை ஏ3 நீளத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 97தான் தேறும். 300 என்பதும் எல்லா வேலைக்கும் பொருந்தாது. அச்சில் படம் சின்னச் சின்ன மைப் புள்ளி வரிசைகளாக விழும், அதைத்தான் ஸ்கிரீன் என்பார்கள். அங்குலத்துக்கு 150 வரி ஸ்கிரீனில் ஆஃப்செட் (தகடு வைத்து அடிக்கும் அச்சு) அடிக்கும்போது அதன் இரு மடங்காக வந்த எண் அது. 100 வரி ஸ்கிரீன் போடும் செய்தித்தாளுக்கு 200 போதும். சில மீட்டர் தள்ளிநின்று பார்க்கும் பேனருக்கு 100 இருந்தால் நிறைவு. கறுப்பு-வெள்ளைக் கோட்டோவியத்துக்கோ 600 முதல் 1200 வரை தேவை.

'சரிசெய்த' ஃபைல் வந்ததும் முதலில் அதன் பிக்சல் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் குறிப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கூடியிருந்தால் 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள்: ஜேபெக் சுருக்கம் விடும் 8 பிக்சல் கட்டங்கள் மூன்று மடங்கு பெருத்து, 25 பிக்சல் சதுரங்களாகத் தெரிந்தால் அது இழுத்த படம். பிடிஎஃப் என்றால் அக்ரோபாட் ப்ரோவில் அவுட்புட் பிரிவ்யூவுக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட் இன்ஸ்பெக்டரில் படத்தைக் கிளிக் செய்யுங்கள். உண்மையில் விழும் ரெசல்யூஷன் தெரியும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் லிங்க்ஸ் பேனலில் 'எஃபெக்டிவ் பிபிஐ' பாருங்கள், அதுதான் பக்கத்தில் வைத்த அளவில் தேறும் எண். ஃபைலில் எழுதியிருப்பதையே காட்டும் 'ஆக்சுவல்' எண்ணை நம்பாதீர்கள். நல்ல படத்தைக்கூட 'ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்' என்ற அமைப்பில் பிடிஎஃப் ஆக்கினால் வண்ணப் படத்தின் ரெசல்யூஷனை 100-க்கு இறக்கிவிடும்.

லோகோவில் வேறு தந்திரம். ஜேபெக் படத்தை இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலுக்குள் ஒட்டி 'வெக்டர்' (பிக்சல் இல்லாமல் கோடுகளால் வரைந்தது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது) என்று கொடுப்பார்கள். கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் பார்வைக்கு மாற்றுங்கள். எழுத்தின் கோடுகள் தெரியாமல் வெறும் செவ்வகம் மட்டும் தெரிந்தால் அது வெக்டர் இல்லை. கையால் திரும்ப வரைந்து தருவதற்குக் கூலி கேட்டால் நியாயம், கொடுக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் மூலப் படத்தைத் தேடுங்கள். எடுத்தவரிடமே கேட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். முகமும் சின்ன எழுத்தும் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, உண்மை அளவில், அதே தாளில் ஒரு துண்டு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய ஃபைலையும் அவர்கள் திருப்பிக் கொடுத்ததையும் அழிக்காதீர்கள். தகராறு வந்தால் அந்த இரண்டின் பிக்சல் எண்ணிக்கைதான் உங்கள் சாட்சி.