ஒற்றைக் கையால் கால் கழுவ: ஈராண்டுப் பயன்பாட்டில் சில குளியலறைச் சாதனங்கள்

பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே என் தந்தை சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கேட்டால் பசியில்லை என்றார். காலைக்கடன் முடித்தபின் மகள் வந்து கழுவிவிட வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தில்தான் சோற்றையும் தண்ணீரையும் அவர் ஒதுக்கினார் என்பது எனக்குப் புரியப் பத்து நாட்கள் ஆயின. அதன்பின் இந்த ஈராண்டுகளில் வாங்கியவை, பழுதாகித் தூக்கிப் போட்டவை, இன்றும் பயன்படுபவை பற்றி இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இதைக் கொண்டு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்க முடிகிறதா?

முதலில் வாங்கியது, சிறு சக்கரங்கள் பொருத்திய கமோடு நாற்காலி. மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் கேட்டதும் எடுத்துக் காட்டியது இதைத்தான். நான்கும் சிறு சக்கரங்கள் என்பதால் உட்கார்ந்திருப்பவர் தாமே உருட்டிச் செல்ல வழியில்லை. பிரேக்கும் பின்சக்கரத்தின் மேல், பின்னால் நிற்பவர் காலால் மிதிக்கும் இடத்தில் இருக்கிறது. தள்ளுகிறவரின் வசதியை நினைத்துச் செய்த பொருள் இது. படுக்கையிலேயே இருப்பவரைப் பராமரிக்க இது பெரிய உதவிதான். ஆனால் ஊன்றுகோலுடன் பத்தடி நடக்கக்கூடிய அப்பாவை இது மீண்டும் நோயாளியாக்கியது. முலாம் பூசிய இரும்புக் குழாய் என்பதால், தினமும் தண்ணீர் பட்டு ஐந்தாம் மாதம் மூட்டுகளில் துருவும் ஏறியது. அதற்குப் பதிலாக வாங்கிய, சக்கரமில்லாத, கால்களில் ரப்பர் பொருத்திய அலுமினிய நாற்காலியில்தான் அவர் இன்றும் குளிக்கிறார். அதன் கால்களை நீட்டிக் குறைக்கலாம். உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. இருக்கை தாழ்ந்துவிட்டால் ஒற்றைக் காலின் பலத்தில் எழுந்திருப்பது மலையேறுவது போலாகிவிடும்.

அடுத்தது கழுவும் பிரச்சினை. எங்கள் கழிப்பறையில் ஹெல்த் ஃபாசெட் இருந்தது. அது தண்ணீரைப் பீய்ச்சும், அவ்வளவுதான்; ஒரு கை அதைப் பிடித்தால் மறு கை கழுவ வேண்டும். அப்பாவின் வலக்கை குழாயைப் பிடிக்கும், கழுவ வேண்டிய இடக்கையோ மடியில் அசையாமல் கிடக்கும். வலக்கையாலேயே கழுவப் பழகிக்கொள்ளலாம் என்று பயிற்சியளித்தவர் அன்போடுதான் சொன்னார். உண்ணும் கையால் அதைச் செய்ய எழுபது வயது மனிதருக்கு மனம் ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இந்த இடத்தில் கைகொடுத்தது, மின்சாரம் தேவைப்படாத பிடே இணைப்பு. கழிப்பறை இருக்கைக்கு அடியில் பொருத்தும் மெல்லிய தகடு, வலப்பக்கம் ஒரு திருகு, நடுவில் நீர் பீய்ச்சும் சிறு குழல். 2,800 ரூபாய் கொடுத்தேன். பிளம்பர் ஆங்கிள் காக்கில் (சுவரிலிருந்து வரும் தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வு) ஒரு இணைப்புக் கொடுத்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். திருகைத் திறந்தால் குழல் தானே வெளியே நீண்டு கழுவுகிறது. பீய்ச்சும் இடம் மாறாது என்பதால் இடுப்பைச் சற்று முன்பின் நகர்த்தப் பழக அப்பாவுக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. மூன்றாம் வாரம் ஒரு காலை, உள்ளிருந்து யாரையும் அழைக்காமல் அவரே துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இன்று வசதிப் பொருளாகப் பார்க்கப்படும் இந்த வகை இருக்கை, இத்தகையவர்களை நினைத்தே பரவியது: ஜப்பானின் டோட்டோ நிறுவனம் 1964-இல் அமெரிக்காவிலிருந்து இதை மருத்துவமனைகளுக்காகத்தான் இறக்குமதி செய்தது; அதன் வாஷ்லெட் 1980-இல்தான் வீடுகளுக்கு வந்தது.

வாங்குமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகு பெரும்பாலும் வலப்பக்கமே வருகிறது. வலக்கை செயலிழந்தவருக்கு அது எட்டாது. தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால், ஒரு மாடி மேலேயுள்ள தொட்டியிலிருந்து 0.3 பார்தான் கிடைக்கும். எங்கள் வீட்டில் முதலில் தண்ணீர் வழிந்ததே தவிரப் பீய்ச்சவில்லை. அந்தக் குழாய்க்கு மட்டும் சிறு அழுத்த மோட்டார் வைத்தபின்தான் சரியானது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீராக இருந்தால் குழலின் துளைகள் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்த துணியைச் சுற்றி வைத்தால் உப்பு கரைந்துவிடுகிறது. இவற்றைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை: சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும் சூட்டில் வரும். உணர்ச்சி குறைந்த உடம்புக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடலாம். நண்பகலில் அப்பா முதலில் வாளிக் குழாயைத் திறந்து, வலக்கையை நீட்டிப் பார்த்தபின்தான் இந்தத் திருகைத் தொடுகிறார்.

பிடிகம்பி விஷயத்தில் நான் செய்த தவறை வேறு யாரும் செய்ய வேண்டாம். டைல்ஸில் ஒட்டிக்கொள்ளும், துளையிடத் தேவையில்லாத உறிஞ்சுவகைக் கம்பியை வாங்கினேன். பன்னிரண்டாம் நாள், எழுந்து நின்ற அப்பாவின் கையோடு அது கழன்று வந்தது. நல்லவேளையாக அவர் பின்னால் இருக்கையிலேயே விழுந்தார். துண்டு போடும் கம்பியும் ஆபத்தானதே. டைல்ஸைத் தாண்டிச் செங்கல்வரை துளையிட்டு ஆங்கர் போல்ட்டால் இறுக்கிய எஃகுக் கம்பி மட்டுமே ஆள் பாரத்தைத் தாங்கும். பலமுள்ள கையின் பக்கம், உள்ளங்கை முழுதாக மூடிப் பிடிக்கும் பருமனில் இருக்க வேண்டும். 32 முதல் 40 மில்லிமீட்டர் விட்டம் சரியாக இருக்கும். அதே நாளில் கதவையும் வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கலாம்.

குளியலுக்குப் பெரிய செலவு இல்லை. வாளியை முக்காலியின் மேல் வைத்ததில் குனிவது நின்றது. சோப்பை வலைப்பையில் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டோம். எங்களைத் திகைக்க வைத்தது வலக்கைதான்: வலக்கையை வலக்கையால் தேய்க்க முடியாதல்லவா? நீண்ட பிடியுள்ள தேய்ப்பான் முதுகுக்குப் போதும், வலக்கையின் அக்குளுக்கு உதவாது. சுவரில் தோளுயரத்தில் திருகி வைத்த ஒரு பஞ்சுத் தேய்ப்பானில் சோப்பிட்டு, அதன்மேல் கையை உரசிக்கொள்கிறார்.

இவற்றைப் படம் பார்த்து இணையத்தில் வாங்குவதைவிட, பயன்படுத்தப் போகிறவரே உட்கார்ந்து பார்த்து வாங்குவது நல்லது. சென்னை காமராஜர் சாலையிலுள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸில் இத்தகைய உதவிச் சாதனங்களைத் தொட்டு, இயக்கிப் பார்க்கலாம்.

எங்கும் கிடைக்காத ஒன்றும் உண்டு. வேட்டியை ஒற்றைக் கையால் அவிழ்க்கலாம், கட்ட முடியாது. இருக்கையும் கம்பியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இடுப்பில் வேட்டி நிற்காத மனிதர் கதவைத் திறந்து வெளியே வர மாட்டார். எங்கள் தெருத் தையற்காரர் லுங்கியின் இரு முனைகளிலும் அகலமான வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி 60 ரூபாய். அப்பா இப்போது ஆறு லுங்கிகள் வைத்திருக்கிறார்.