12 வால்வு கம்மின்ஸில் ஸ்பிரிங்கும் புஷ்ராடும் மாற்றி ஓட்டிய அனுபவம்

வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500 பிக்கப் டிரக், மேனுவல் கியர். உள்ளே இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். கம்பெனி கொடுத்தது 215 குதிரைத்திறன். டர்போவைப் பெரிதாக்கி, டீசல் பம்பில் எஞ்சினின் வேக வரம்பை உயர்த்தும் 4000 ஆர்.பி.எம். கவர்னர் ஸ்பிரிங் போட்டபோதே, வால்வை மூடும் ஸ்பிரிங்கையும், வால்வைத் திறக்க உந்தும் கம்பியான புஷ்ராடையும் சேர்த்து வாங்கிவிட்டேன். கவர்னரை மட்டும் மாற்றிவிட்டு வால்வை அப்படியே விடுகிறவர்களின் துணிச்சல் எனக்கு இல்லை.

காரணம் இதுதான். இந்த எஞ்சினின் பழைய ஸ்பிரிங் மெதுவாகச் சுற்றுவதற்காகச் செய்தது. வேகம் ஏறினால், வால்வுகளை இயக்கும் தண்டான கேம் இறங்கும் வேகத்துக்கு வால்வு மூடாது. டர்போ அழுத்தம் வேறு இன்டேக் வால்வைப் பின்னாலிருந்து தள்ளும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இடமே கிடையாது. மூடாமல் தொங்கும் வால்வில் பிஸ்டன் முட்டினால் புஷ்ராட் வளையும். அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

ஹெட்டைக் கழற்றாமலே வேலை முடிந்துவிடும். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி மூடி. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால் வால்வு உள்ளே விழாது, பிஸ்டன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். 1-6, 2-5, 3-4 என்று இரண்டிரண்டாக உச்சிக்கு வரும். ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் சின்னப் பூட்டான வால்வு லாக் புஷ்ராட் ஓட்டைக்குள் விழுந்துவிடாமல் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். புஷ்ராடுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் எப்படியும் வெளியே வந்துவிடுவதால் கனமான புஷ்ராடையும் அப்போதே போட்டுவிடலாம். அப்புறம் எஞ்சின் குளிர்ந்த நிலையில் டேப்பெட் செட்டிங், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி: இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020.

பவர் கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. 3000-க்கு மேலே தடுமாறாமல் இழுக்கிறது, அவ்வளவுதான். எனக்கு உண்மையான லாபம் எக்ஸாஸ்ட் பிரேக்கில் கிடைத்தது. வண்டியை மெதுவாக்க அந்த பிரேக் புகை வழியை அடைக்கும்போது உருவாகும் அழுத்தம், லேசான ஸ்பிரிங்காக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வையே தள்ளித் திறந்துவிடும். 60 பவுண்டு ஸ்பிரிங் என்று விற்பது அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்பதால்தான். கொலராடோவில் ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்ன் பக்கம் டிரெய்லரோடு இறங்கும்போது, முன்பெல்லாம் கால் பிரேக்கிலேயே இருக்கும். இப்போது எப்போதாவதுதான் தொடுகிறேன்.

கேமை நான் தொடவில்லை. கேம் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் டேப்பெட் இதில் காளான் வடிவம், கீழிருந்துதான் ஏறும். மரக்குச்சி விட்டு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டியின் முன்பக்கம் முழுவதையும் பிரித்தால்தான் கேம் வெளியே வரும். அந்த அளவுக்குப் பிரிக்கிறவர்கள், டைமிங் கியருக்குள் கழன்று விழக்கூடிய அந்தப் பெயர்பெற்ற டவல் பின் என்ற சின்ன இரும்பு முளையையும் வெளியே வராதபடி அடைத்துவிட்டே மூடுங்கள்.

இத்தனை வருடத்தில் இடைவெளி பெரிதாக மாறவில்லை, ஒரு புஷ்ராடும் வளையவில்லை. ஆனால் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு சுமை கேம் மேல் ஏறும். டேப்பெட் உருளாமல் உரசுகிற வகை. அதனால்தான் பந்தயத்துக்கு விற்கும் இன்னும் விறைப்பான செட்டை வாங்கவில்லை. கேம் தேய்கிறதா என்று தெரிய, ஆயில் மாற்றும்போது சாம்பிள் அனுப்பி அதிலுள்ள இரும்பு அளவைப் பார்த்துக்கொள்கிறேன், இதுவரை ஏறவில்லை. கவர்னரும் பழையது, எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை என்றால் இந்தச் செலவு வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல கிளட்ச் போடலாம்.