சுங்கை சிப்புட்டில் 30 வெள்ளிக்கு வரி ஒப்பீட்டுக் கணக்கு: போகலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் வரிக் கணக்கு அலுவலகத்துக்குத் தோட்டத்து ஆள்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் போவார்கள், சம்பளக்காரருக்கான வருமான வரிப் பாரமான பிஇ நிரப்ப. மற்ற மாதங்களில் கூட்டம் இல்லாததால் இப்போது புதிதாக ஒரு சேவை வைத்திருக்கிறார்கள். வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, நாடு முழுக்க ஒரே நுகர்வு வரி வந்தால் உங்கள் குடும்பத்துக்கு லாபமா நட்டமா என்று கணக்குப் போட்டு இரண்டு பக்கத் தாளில் கொடுக்கிறார்கள். சம்பளக்காரருக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வியாபாரிக்கு 80 வெள்ளி. 2018இல் எடுத்த பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி) திரும்ப வருமா என்ற பேச்சு ஒட்டுக்கடைகளில் ஓய்வதே இல்லை. ஆள் வருவதில் வியப்பில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். கொடுத்த காசுக்குப் பெறுமானம் உண்டு. ஆனால் நுகர்வு வரி விகிதம் என்று அவர்கள் தாளில் அச்சடித்து வைத்திருக்கும் 10 விழுக்காடு தப்பான எண். அதை மாற்றிப் போடச் சொல்லாமல் கீழே இறங்கக் கூடாது.

கொண்டு போக வேண்டியவை: முதலாளி கொடுக்கும் ஆண்டுச் சம்பளக் கணக்கான இஏ பாரம், ஊழியர் சேமநிதி (இ.பி.எப்.) அறிக்கை, மின்சார பில், மூன்று மாத ரசீதுகள். கடை ரசீது வெப்பத்தாளில் அச்சாவது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு வைத்தால் எழுத்து போய்விடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கும் கீரைக்கும் மீனுக்கும் ரசீது கிடையாது. ஒரு நோட்டில் நாள், தொகை எழுதி வைத்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். தீபாவளி, பள்ளி திறப்பு, தைப்பூசம் வரும் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், அந்தச் செலவைத் தனியே எடுத்து 12ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் துணிமணிச் செலவு வருடம் முழுக்க அதே அளவில் ஓடுவதாகக் கணக்கு வரும்.

மேசையில் இருக்கும் பெண் ரசீதுகளை ஐந்து குவியலாகப் பிரிக்கிறார். 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டில் வந்த ஜிஎஸ்டியின் பட்டியல்தான் அவருக்கு அளவுகோல். அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய், மாவு, பச்சைக் காய்கறி, மீன், இறைச்சி, முட்டை எல்லாம் சுழிய விகிதம். வீட்டு மின்சாரத்தில் முதல் 300 யூனிட்டும் அப்படியே. சவர்க்காரம், பற்பசை, துணி, கைப்பேசி பில் போன்றவை வரிக்குள். வேலை சுத்தம். ஒரே ரசீதில் அரிசியும் சவர்க்காரமும் கலந்திருந்தால் சாமான் சாமானாகப் பிரிக்கிறார், மொத்தத்தைத் தூக்கி ஒரு பக்கம் போடுவதில்லை. இந்தப் பொறுமைக்கே 30 வெள்ளி கொடுக்கலாம்.

இனி தாள். சுவரில் மூன்று மாதிரிக் கணக்குகள் ஒட்டியிருக்கிறார்கள்.

முதலாவது, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளி. ஆண்டுக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000, இ.பி.எப். 2,244 போக மிஞ்சுவது 9,156. முதல் 5,000க்கு வரி இல்லை. மீதிக்கு 1 விழுக்காடு, அதாவது 41 வெள்ளி 56 காசு. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு, ஆக வரி சுழியம். கையில் வரும் 18,000 சொச்சமும் செலவாகிவிடும். அதில் பாதி வரிக்குரிய சாமான் என்று வைத்தால், அந்த 9,000க்குள் வரியும் அடக்கம் என்பதால், 10 விழுக்காட்டில் அவர் கட்டுவது 818 வெள்ளி. இன்றைக்கு வருமான வரியே கட்டாதவருக்கு வருமான வரியை ஒழித்து என்ன லாபம்?

இரண்டாவது, ரப்பர் பால் ஆலையிலோ செம்பனை எண்ணெய் ஆலையிலோ 6,000 வெள்ளி வாங்கும் சூப்பர்வைசர். ஆண்டுக்கு 72,000. தனிநபர் கழிவும், இ.பி.எப்.புக்கு உச்சவரம்பான 4,000மும் போக 59,000. வரி 2,490. அவர் வருடத்துக்கு வரிக்குரிய சாமானில் 24,000 செலவழித்தால், 10 விழுக்காட்டு நுகர்வு வரி 2,182 வெள்ளி. 308 வெள்ளி மிச்சம். தாளில் இதைப் பச்சை மையில் வட்டமிட்டுக் காட்டுகிறார்கள். பலர் சிரித்த முகத்தோடு இறங்கி வருவது இந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

மூன்றாவது, மாதம் 15,000 வாங்கும் மேனேஜர். அதே கழிவுகள் போக 1,67,000. வருமான வரி 26,150. வரிக்குரிய செலவு 60,000 என்றால் நுகர்வு வரி 5,455. மிச்சம் இருபதாயிரத்துக்கு மேல்.

சிக்கல் அந்தப் பச்சை வட்டத்தில் இருக்கிறது. 10 விழுக்காடு எங்கிருந்து வந்தது? ஜிஎஸ்டி 6 விழுக்காட்டில் ஓடிய 2017இல் வசூல் சுமார் 4,400 கோடி வெள்ளி. தனிநபர், நிறுவன வருமான வரி இரண்டும் சேர்ந்தால் அதைவிட மிகப் பெரிய தொகை. அதை முழுக்க எடுத்துவிட்டு, அரிசி காய்கறியையும் வரிக்கு வெளியே வைத்துவிட்டு, 6ஐ 10 ஆக்கினால் ஓட்டை அடையாது. 20ஐ ஒட்டி வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். "தங்கச்சி, இதே தாளை இருபதுக்குப் போட்டுக் கொடும்மா" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுக்கிறார்கள், கூடுதல் காசும் வாங்குவதில்லை. அப்போது வரும் எண்கள் வேறு: தொழிலாளிக்கு 1,500 வெள்ளி சுமை. சூப்பர்வைசருக்கு 4,000, பழைய வருமான வரியைவிட 1,510 கூடுதல். மேனேஜருக்கு 10,000; அப்போதும் 16,150 மிச்சம். சூப்பர்வைசருக்கு விகிதம் 11.6ஐத் தாண்டினாலே நட்டம் தொடங்கிவிடும். மேனேஜருக்கு அது 77 வரை போக வேண்டும். சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள் இவைதான்.

இன்னொரு தப்பு சிறியதாகத் தெரியும், ஆனால் கணக்கைப் புரட்டிவிடும். வருமான வரிக்குப் பதிலாகத் தேசிய விற்பனை வரி கேட்கும் அமெரிக்க மசோதா ஒன்று 1999 முதல் அங்குள்ள காங்கிரசில் திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது, நிறைவேறியதில்லை. அதன் விகிதம் 23 விழுக்காடு என்று இவர்கள் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த 23 வரியோடு சேர்த்த விலையில் எடுப்பது. 77 வெள்ளிச் சாமானுக்கு 23 வெள்ளி வரி போட்டு 100 வாங்குவார்கள். நம் ஊர் வழக்கப்படி விலைக்கு மேல் போட்டுப் பார்த்தால் அது 30 விழுக்காட்டுக்குப் பக்கம். இந்த இரண்டு முறையையும் கலக்கும் ஆள் எந்த நாட்டுக் கணக்கையும் மலிவாகக் காட்டிவிடலாம். தாளில் "வரி சேர்த்தா, சேர்க்காமலா" என்று ஒரு கட்டம் வைத்தால் தீர்ந்துவிடும்.

இப்போதுள்ள விற்பனை, சேவை வரியை (எஸ்எஸ்டி) தாள் தொடவே இல்லை. 2018 ஜூன் 1இல் ஜிஎஸ்டி சுழியமாகி, செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி வந்தது. (நடுவில் வரியே இல்லாத மூன்று மாதத்தில் கார் கடைகளில் இருந்த கூட்டத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.) விற்பனை வரி 5 அல்லது 10 விழுக்காடு, தொழிற்சாலையிலோ இறக்குமதியிலோ ஒரே தடவை விழுவது. மளிகைக்கடை ரசீதில் அது தெரியாது. ஆனால் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலை விலை 5 வெள்ளியான ஒரு சாமானுக்கு 50 காசு வரி விழுந்து 5.50 ஆகிறது. மொத்த வியாபாரியும் கடைக்காரரும் அதன்மேல் 40 விழுக்காடு லாபம் வைத்தால் 7.70க்கு வரும். வரி இல்லையென்றால் அது 7 வெள்ளி. அரசுக்குப் போனது 50 காசு, வாங்குபவர் கொடுத்தது 70 காசு. ஆகவே இன்றைக்குத் தொழிலாளி மறைமுக வரியே கட்டவில்லை என்று தாள் காட்டுவதும் சரியில்லை. புது வரி வரும்போது எஸ்எஸ்டி போகுமா, போனால் கடை விலை இறங்குமா என்பதையும் சேர்த்துத்தான் அந்த 1,500ஐப் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சேவையை இப்போதைக்குப் பரிந்துரைக்க முடியாது. இ.பி.எப். சேமிப்புக்குத் தாளில் இடமே இல்லை. 55 வயதில் எடுக்கும் பணத்துக்கு இன்று வரி கிடையாது. நுகர்வு வரி வந்தால் அதைச் செலவழிக்கும்போது கடையில் பிடித்துவிடுவார்கள். 60,000 வைத்திருப்பவர் பாதியை வரிக்குரிய சாமானில் செலவழித்தால், 20 விழுக்காட்டில் 5,000 வெள்ளி காணாமல் போகும்.

ஈட்டுத்தொகை பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. அமெரிக்கத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வறுமைக்கோட்டுச் செலவுக்கான வரியை மாதாமாதம் முன்கூட்டியே கொடுப்பதாக ஏற்பாடு. நம் நாட்டில் அதற்குக் கிட்ட வருவது அரசின் எஸ்டிஆர் ரொக்க உதவித்தொகையும், மைகார்டு அடையாள அட்டையைத் தட்டி அடிப்படைச் சாமான் வாங்கும் சாரா உதவியும். ஆனால் செம்பனை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு இரண்டும் கிடையாது. அதே கடையில் அதே வரியைக் கட்டுவார்கள். சாரா பதிவு பெற்ற கடையில்தான் செல்லும் என்பதையும் தோட்டத்து உள்ளே இருப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கான 80 வெள்ளிச் சேவைதான் இங்கே சிறந்தது. அதை நடத்துபவருக்கு ஜிஎஸ்டி காலத்து அடி நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஜிஎஸ்டிக்குப் பதியும் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளி விற்பனை, அதாவது நாளுக்கு சுமார் 1,370. சுழிய விகித அரிசி, சீனி விற்பனையும் அந்த வரம்பில் சேரும் என்பதால் லாபம் சிறுத்த மளிகைக்கடைகூட எளிதாகத் தாண்டிவிடும். வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்ளலாம், சரியான வரி ரசீது கையில் இருந்தால். சுழிய விகிதத்துக்கும் விலக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இவர் போலத் தெளிவாக யாரும் சொல்வதில்லை. அரிசி விற்பவர் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர் விலக்குப் பெற்றவர். கூரைத் தகரத்துக்கும் சிமெண்டுக்கும் கட்டிய வரி அவர் தலையில்தான்.

தோட்டத்து ஊர்க் கடைக்கு உண்மையான ஆபத்து 555 புத்தகத்தில், அதாவது கடன் நோட்டில், இருக்கிறது. சாமானைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பள நாளில் வசூலிப்பது பழக்கம். ஜிஎஸ்டியில் பில் போட்ட நாளோ பணம் வந்த நாளோ, எது முந்தியதோ அன்றே வரி கணக்கானது. பணம் கைக்கு வராமலே சுங்கத்துறைக்குக் கட்ட வேண்டியிருந்தது. வராக்கடனுக்கான வரியைத் திரும்பக் கேட்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 6 விழுக்காட்டில் இது எரிச்சல். 20இல் கடை முதலையே விழுங்கும். உங்கள் கடன் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள், அதை வைத்து மூன்று மாதப் பண வரவு அட்டவணை போட்டுக் கொடுப்பார். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

உணவுக்கடை வைத்திருப்பவர்கள் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டாத உணவகம் சேவை வரிக்குப் பதிய வேண்டியதில்லை, பதியாத கடை பில்லில் வரி போடவும் கூடாது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 ஆனாலும் சாப்பாட்டுக்கு 6தான். சில கடைகள் போடும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடைக்காரருக்கே போவது, வரி இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஒப்பீட்டுக் கணக்குக்கு, வருமான வரி வாரியத்தின் இணையத்தளமான மைடாக்ஸின் கடவுச்சொல் தேவையே இல்லை; கேட்டாலும் கொடுக்காதீர்கள். பாரம் நிரப்பும் வேலையையும் இங்கேயே கொடுப்பதாக இருந்தால், 1967 வருமான வரிச் சட்டம் 153ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்ற வரி முகவர் யார் என்று கேளுங்கள். யார் நிரப்பினாலும் தப்புக்குப் பொறுப்பு உங்களுடையது, ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.

தாள் மலாயில்தான் வரும். விளக்கம் தமிழில் சொல்கிறார்கள். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முட்டிவலிக்காரர்கள் கீழிருந்து அழைத்தால் அந்தப் பெண்ணே இறங்கி வந்து ரசீதுகளை வாங்கிக்கொள்வார். சனிக்கிழமை மதியம் ஒரு மணியோடு மூடிவிடுகிறார்கள். ஏப்ரல், ஜூன் கடைசி வாரங்களில் இந்தச் சேவையே கிடையாது.