செயில்ட்ரோன் எக்ஸ்புளோரர்: கண் இருக்கிறது, கை இல்லை

ஆளில்லாப் படகு என்றாலே வெடிமருந்து ஏற்றிப்போய் மோதுவதுதான் பலருக்கு நினைவு வருகிறது. எனக்குப் பிடித்தது வேறு வகை. அமெரிக்காவின் அலமீடாவைச் சேர்ந்த செயில்ட்ரோன் நிறுவனத்தின் எக்ஸ்புளோரர். இதை நேரில் பார்த்ததில்லை, வெளிவந்த செய்திகளையும் வீடியோக்களையும் விடாமல் பார்த்துவருகிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

7 மீட்டர் நீளம், விமான இறக்கையை நட்டுவைத்த மாதிரி 5 மீட்டர் உயரப் பாய். ஓடுவதற்குக் காற்று, கேமராவுக்கும் மற்ற கருவிகளுக்கும் வெயில். டீசல் நிரப்பக் கரைக்கு வரவேண்டியதில்லை என்பதால் மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும். தாங்குமா என்றால், தாங்கும்: 2019-இல் இந்த வகைப் படகு ஒன்று அன்டார்க்டிகாவை 196 நாளில் சுற்றி வந்தது, 2021-இல் இன்னொன்று சாம் புயலுக்குள்ளேயே போய் அலைகளைப் படமெடுத்து அனுப்பியது (இரண்டுக்கும் பாயைக் குட்டையாக்கித்தான் அனுப்பினார்கள்). வேகம் ரொம்பக் குறைவு, ஆள் நடக்கிற வேகம்தான். காவல் நிற்பதற்கு அது போதும்.

சரி, கடற்படையோடு எப்படிச் சேர்கிறது? பஹ்ரைனில் இருக்கும் அமெரிக்காவின் 5-ஆம் கடற்படைப் பிரிவு 2021 செப்டம்பரில் டாஸ்க் ஃபோர்ஸ் 59 என்று தனி அணி அமைத்து, அந்த டிசம்பரிலேயே அகபா வளைகுடாவில் இதை இறக்கியது. வெறுங்கடலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிற வேலை படகுக்கு, அது அனுப்புவதில் எது சந்தேகத்துக்குரியது என்று கணினி பிரித்துத் தர, முடிவு மட்டும் மனிதருக்கு. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, மாலுமிகளின் தூக்கத்தை மிச்சப்படுத்தும் கருவி வேறென்ன இருக்கிறது?

ஆனால் 2022 ஆகஸ்ட் 29 இரவு நடந்ததைப் பாருங்கள். ஈரானியப் புரட்சிக் காவல்படைக் கப்பல் ஒன்று பாரசீக வளைகுடாவில் இந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த அமெரிக்காவின் தண்டர்போல்ட் ரோந்துக் கப்பல் விரைந்து வர, ஹெலிகாப்டரும் கிளம்ப, சுமார் நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஈரானியர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். அடுத்த சில நாளில் செங்கடலில் ஈரானின் ஜமாரான் போர்க்கப்பல் இதே வகைப் படகுகள் இரண்டைத் தூக்கித் தன் மேல்தளத்திலேயே வைத்துக்கொண்டது. மறுநாள் திரும்பக் கிடைத்தபோது கேமராக்களைக் காணோம் என்றது அமெரிக்கத் தரப்பு.

என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. காவலுக்குத் தாராளமாக வாங்கலாம். இதைக் காட்டி ரோந்துக் கப்பல்களைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அன்று இரவு அந்தப் படகைத் திரும்ப வாங்கித் தந்தது ஆள் ஏறிய கப்பல்தான்.