முன்கலப்பா, புகை மறுசுழற்சியா: எரிவாயு பர்னர்களில் நைட்ரஜன் ஆக்சைடு

இயற்கை எரிவாயுவில் கந்தகமும் சாம்பலும் அநேகமாக இல்லாததால் அதன் புகை தூய்மையானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கான நைட்ரஜன் எரிக்கும் காற்றிலிருந்தே வருகிறது. சுடர் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆக்சிஜன் அணுக்கள் நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்கும் வேகம் பன்மடங்கு கூடுகிறது. இது சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் விளக்கிய வழி. வாயுவும் காற்றும் தனித்தனியே வந்து சுடரில் கலக்கும் பழைய பர்னரில், மொத்தக் காற்று எவ்வளவு இருந்தாலும் எரிதல் வாயுவும் காற்றும் சரியான விகிதத்தில் சந்திக்கும் மெல்லிய படலத்திலேயே நடப்பதால், வெப்பம் 1950 டிகிரியை நெருங்குகிறது. சுடர் உறுதியாக நிற்கும் என்பதைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல அதிகமில்லை.

முன்கலப்பு பர்னரில் எரிய வேண்டிய அளவுக்கு மேல் 50 சதவீத மிகைக் காற்றை வாயுவுடன் முன்பே கலந்துவிட்டால் சுடர் சுமார் 1500 டிகிரிக்கு இறங்குகிறது. ஹைட்ரோகார்பன் துணுக்குகள் வழியாகச் சுடரின் விளிம்பில் உடனடியாக உருவாகும், ஆய்வாளர் ஃபெனிமோர் கண்டறிந்த நைட்ரஜன் ஆக்சைடு வகையும் குறைகிறது. ஆனால் மிகைக் காற்று வெப்பத்தைப் புகைபோக்கி வழியே சுமந்து செல்கிறது. சுடர் அணையும் எல்லையை நெருங்குவதால், சுமை (வெப்பத் தேவை) மாறும்போது அதிர்வும் கார்பன் மோனாக்சைடும் தலைதூக்குகின்றன.

புகையின் ஒரு பகுதியைக் காற்றோடு திருப்பி அனுப்பும் மறுசுழற்சி முறை, அதே குளிர்ச்சியைப் புகைபோக்கி இழப்பைக் கூட்டாமல் தருகிறது. ஆக்சிஜன் செறிவும் குறைகிறது. விசிறிக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். ஃபெனிமோர் வகையின் மீது இதன் பிடி தளர்வுதான். ஆயினும் சுமை அடிக்கடி மாறும் கொதிகலனுக்கு இதையே நான் தேர்வேன். சீரான சுமைக்கு முன்கலப்பு போதும்.

இரண்டையும் ஒப்பிடும்போது எண்களில் ஏமாறக் கூடாது. 50 சதவீத மிகைக் காற்றில் உலர்புகையின் (நீராவி நீக்கிய புகையின்) ஆக்சிஜன் சுமார் 7.5 சதவீதம்; அங்கே அளந்த 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) நைட்ரஜன் ஆக்சைடு, கொதிகலன்களுக்கு வழக்கமான 3 சதவீத ஆக்சிஜன் அடிப்படைக்கு மாற்றினால் 40 பிபிஎம் ஆகிறது. ஆகவே விற்பவரிடம் நைட்ரஜன் ஆக்சைடு அளவை 3 சதவீத அடிப்படையிலும், கார்பன் மோனாக்சைடு அளவை அதனுடன் சேர்த்தும், முழுச் சுமைக்கும் குறைந்த சுமைக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.